தாண்டிப் போனவர்கள்

நேயர்களுக்கு வணக்கம். அடுத்தவர் கஷ்டத்தைக் கண்டு "நமக்கெதுக்கு வம்பு" என்று ஒருமுறையாவது சொல்லாதவர் யார்? நானும் சொல்லியிருக்கிறேன். சொல்லிவிட்டு ராத்திரி தூக்கம் வராமல் புரண்டும் இருக்கிறேன். அதனால், அலட்சியத்துக்குக் கல்மனசுதான் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்வதில்லை. பெரும்பாலும் அது அவசரம்.

1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வை எங்கே பேசினாலும் சொல்வேன். ஏற்கெனவே கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில், பிரின்ஸ்டனில், இறையியல் படிக்கிற 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சின்னதாக ஓர் உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பு என்ன தெரியுமா? பைபிளில் வரும், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! போகிற வழியில் ஒருவர் வாசலில் சரிந்து, இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் கிடக்கிறார். ஏற்பாடு செய்த ஆள்தான், மாணவர்களுக்குத் தெரியாது. நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். "நேரமாகிவிட்டது, சீக்கிரம்" என்று விரட்டி அனுப்பியவர்களில் 10 சதவீதம். பத்தே பத்து! சமாரியன் கதையைச் சொல்லப் போனவரே அவரைத் தாண்டிக் காலெடுத்து வைத்ததும் நடந்தது. ஆனால் நிற்காமல் போன சிலர், போய்ச் சேர்ந்தபோது பதற்றமாக இருந்தார்களாம். மனசு இருந்திருக்கிறது. நேரம்தான் இல்லை.

ஆகவே என் யோசனை சப்பென்றுதான் இருக்கும்: எங்கே போவதானாலும் பத்து நிமிடம் முன்னால் கிளம்புங்கள். அப்படிக் கிளம்ப ஆரம்பித்த பிறகுதான், படியில் பையோடு திணறுகிறவர் என் கண்ணில் பட்டார். அதற்கு முன்பும் அங்கேதான் திணறிக்கொண்டிருந்திருப்பார், பாவம்.

அப்புறம், கூட்டம். நாலு பேர் நின்றால், வேறு யாராவது செய்வார்கள் என்று நாலு பேருமே நினைப்போம். இதையும் டார்லி, பிப் லாட்டனேயோடு சேர்ந்து 1968-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். ஆகவே உதவி கேட்கும்போது பொதுவாகக் கத்தாதீர்கள். "நீலச் சட்டை போட்டவரே, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்" என்று ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள்.

குடியிருப்போர் சங்கம், ரத்த தானம் பற்றியெல்லாம் இரண்டு பக்கம் எழுதி வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு நிமிடம்தான் என்று ஒற்றை விரலைக் காட்டுகிறார்கள். சரி, ஒன்றே ஒன்று: சங்கக் கூட்டம் முடிந்ததும் ஓடிவிடாமல் நாற்காலிகளை மடக்கி வைக்கிறவர்களோடு நில்லுங்கள். யார் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அப்போதுதான் காதில் விழும். வணக்கம்.