மனுவுக்கு ஒரு பதில்

நேயர்களுக்கு வணக்கம்.

தெருவிளக்கு எரியவில்லை. மனு எழுதிக்கொண்டு உள்ளாட்சி அலுவலகத்துக்குப் போகிறோம். மேசைக்குப் பின்னால் இருப்பவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "சரி, வச்சிட்டுப் போங்க, பார்க்கலாம்" என்கிறார். அந்தப் "பார்க்கலாம்" பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

அதிகாரிகள் லஞ்சம் வாங்கக் கூடாது, மரியாதையாகப் பேச வேண்டும். இதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் நாம் அதோடு நின்றுவிடுகிறோம். பதிலையும் எதிர்பார்க்க வேண்டும்.

மனுவைக் கொடுத்ததும் தேதியும் எண்ணும் போட்ட ஒப்புகைச் சீட்டு கைக்கு வர வேண்டும். வேலை யார் பொறுப்பு, எத்தனை நாளில் முடியும் என்று தெரிய வேண்டும். வேறு துறையின் வேலை என்றால், மனுவை அவர்களே அங்கே அனுப்பிவிட்டு நமக்கும் தகவல் சொல்ல வேண்டும்.

முடியாது என்றால்? முடியாது என்றே எழுதிக் கொடுக்கட்டும், காரணத்தோடு. "இந்த ஆண்டு நிதி ஒதுக்கவில்லை" என்று ஒரு வரி கையில் இருந்தால் மேலதிகாரியிடம் போகலாம். கவுன்சிலரிடம் காட்டி, அடுத்த பட்ஜெட்டில் சேர்க்கச் சொல்லலாம். நிதி ஒதுக்குவது மன்றத்தின் வேலை. மேசையில் இருக்கும் எழுத்தரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. "பார்க்கலாம்" என்பதை எடுத்துக்கொண்டு எங்கே போவது? ஆறு மாதம் கழித்துப் போனாலும் அதே சொல்தான். தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு நடையும் ஒரு நாள் சம்பளம். என்னை மிகவும் வருத்துவது இதுதான்.

இப்படிப் பதில் கேட்பது பேராசை என்று யாரும் நினைக்க வேண்டாம். அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் பார்க்கலாம் என்று சுவீடன் 1766-லேயே சட்டம் போட்டது. அதிகாரிகள் மீதான புகார்களை விசாரிக்க, 'ஒம்புட்ஸ்மன்' என்ற பதவியை 1809-இல் அரசியலமைப்பிலேயே சேர்த்தது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. 1989 முதல் அங்கே குடியிருப்பாளர்கள் பகுதி பகுதியாகக் கூடி, எந்தத் தெருவுக்குச் சாலை, எங்கே சாக்கடை வசதி என்று நகராட்சிப் பணத்தில் செய்யவேண்டிய வேலைகளை வரிசைப்படுத்தினார்கள். பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை நகராட்சி அவர்கள் முன்னால் வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. தன் தெருவின் முறை ஏன் இன்னும் வரவில்லை என்பதற்கு ஒருவருக்கு அங்கே காரணம் கிடைத்தது.

அடுத்த முறை மனுவோடு போகும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னால், "எந்தத் தேதிக்குள்ளங்க?" என்று பொறுமையாகக் கேளுங்கள். சொல்லும் தேதியை அந்தப் பிரதியிலேயே, அவர் பார்க்கும்படி, குறித்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.