கேலி வேறு, இடித்துரைப்பது வேறு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சயான், மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று மும்பையின் பல பக்கங்களிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் தமிழ் மக்களே, அனைவருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு இது: 'முற்போக்குப் போராளிகளைப் பற்றி அமெரிக்க நகைச்சுவையாளர் பில் மார் பேசுவது நண்பரின் இடித்துரையா, இயக்கத்தைச் சிறுமைப்படுத்தும் கேலியா?' கேலிதான் என்று வாதாட வந்திருக்கிறேன். தலைப்பு கொடுத்தார்கள் என்பதற்காகப் பேசவில்லை, மனதார நம்பித்தான் பேசுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 2003 முதல் எச்.பி.ஓ. தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் 'ரியல் டைம்' என்ற நிகழ்ச்சியை நடத்தி வருகிறார். தன்னை லிபரல் என்றுதான் சொல்லிக்கொள்கிறார். 2012இல் ஒபாமாவின் தேர்தலுக்கு ஆதரவான அமைப்புக்குப் பத்து லட்சம் டாலர் கொடுத்தவர். ஆனால் சில ஆண்டுகளாக அவருடைய கிண்டலில் பெரும்பங்கு இடதுசாரி இளைஞர்களுக்குத்தான் போகிறது. எதற்கெடுத்தாலும் புண்படுகிறார்கள், இன்றைய அளவுகோலை வைத்து நேற்றைய மனிதர்களை அளக்கிறார்கள், நாடு முன்னேறியிருப்பதை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள், தங்கள் நோக்கத்தைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள் என்பவை அவருடைய குற்றச்சாட்டுகள்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன், இடித்துச் சொல்பவர் இல்லாத மன்னன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்ற வள்ளுவர் வாக்கைச் சொல்லி, பில் மார் அப்படி இடித்துச் சொல்பவர் என்று முடித்தார். கைதட்டலும் வாங்கினார். சரி, அதே வள்ளுவர் நட்பைப் பற்றிப் பேசும் இடத்தில் என்ன சொல்கிறார்? நட்பு சிரித்துப் பேசுவதற்காக ஏற்பட்டதில்லை, நண்பர் எல்லை மீறும்போது முன்னே போய் இடித்துச் சொல்வதற்காக ஏற்பட்டது என்கிறார். சிரிப்பையும் இடித்துரையையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டியவர் அவர்தான், அண்ணா.

இடித்துச் சொல்பவர் யாரைப் பார்த்துப் பேசுவார்? தவறு செய்தவரைப் பார்த்து. அவர் திருந்தினால் போதும், ஊருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. பில் மார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்? அரங்கில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களைப் பார்த்து. யாரைப் பற்றிப் பேசுகிறாரோ அவர் அங்கே இல்லை. பெரும்பாலும் அவருக்கு இருபது, இருபத்திரண்டு வயது. பதில் சொல்ல அவருக்கு மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. இல்லாத ஒருவரைப் பற்றி இருப்பவர்களைச் சிரிக்க வைப்பதற்கு நட்பு என்று எப்படிப் பெயர் வைப்பது?

எதிரணி ஆதாரமாகக் காட்டியதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. 2021 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளி வாரியம் 44 பள்ளிகளின் பெயரை மாற்றத் தீர்மானம் போட்டது. அடிமை முறைக்கு முடிவு கட்டிய லிங்கனின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. அப்போது கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிள்ளைகள் வீட்டில் திரையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, வாரியம் பெயர்ப்பலகையைப் பற்றி விவாதித்தது. தவறுதான், பெரிய தவறு. ஆனால் அதைத் திருத்தியது யார்? ஏப்ரலில் வாரியமே தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. 2022 பிப்ரவரியில் அந்த ஊர் மக்கள் வாக்களித்து வாரிய உறுப்பினர்கள் மூவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். அமெரிக்காவிலேயே முற்போக்கான ஊர்களில் ஒன்று அது. அங்கே பெற்றோர்கள் தெருவில் நின்று கையெழுத்து வாங்கி, தங்கள் பக்கத்துத் தவறைத் தாங்களே சரிசெய்தார்கள். இடித்துரைப்பது என்றால் நான் அதைத்தான் சொல்வேன்.

அடுத்து, பேச்சுரிமை. முற்போக்காளர்களால்தான் நகைச்சுவையாளர்கள் வாயைத் திறக்க முடியவில்லை என்று எதிரணி வருத்தப்பட்டது. பில் மாரின் கதையையே எடுத்துக்கொள்வோம். 2001 செப்டம்பர் தாக்குதல் நடந்த சில நாட்களில், இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் இருந்து ஏவுகணை வீசும் நாம்தான் கோழைகள் என்ற பொருளில் ஒரு கருத்தைச் சொன்னார். ஃபெடெக்ஸ், சியர்ஸ் ஆகிய நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்தின. மக்கள் பார்த்துப் பேச வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் எச்சரித்தார். ரியல் டைமுக்கு முன்னால் அவர் நடத்திவந்த 'பொலிட்டிகலி இன்கரெக்ட்' என்ற அந்த நிகழ்ச்சி 2002இல் நிறுத்தப்பட்டது. அவர் வாயை அடைக்கப் பார்த்தது பணமும் அதிகாரமும். கல்லூரி மாணவர்கள் அந்தப் படத்திலேயே இல்லை. 2017இல் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லை அதே ரியல் டைம் மேடையில் சொன்னார், கண்டனம் வந்தது, மன்னிப்புக் கேட்டார், நிகழ்ச்சி தொடர்ந்தது. அவ்வளவுதான் நடந்தது.

நம் ஊருக்கு வாருங்கள். 2025 மார்ச்சில் நகைச்சுவையாளர் குணால் காம்ராவின் கிண்டல் பாட்டுக்காக, இங்கே கார் பகுதியில் இருக்கும் ஹேபிடட் அரங்கத்தை அடித்து நொறுக்கினார்கள். உடைத்தவர்கள் முற்போக்கு இளைஞர்களா? ஆளும் கட்சி ஒன்றின் தொண்டர்கள். 2021 ஜனவரியில் இந்தூரில் இன்னொரு நகைச்சுவையாளர் முனவர் ஃபரூக்கியைப் பிடித்து ஒரு மாதத்துக்கும் மேல் சிறையில் வைத்தார்கள். அவருக்காகக் குரல் கொடுத்தவர்கள் யார்? எதிரணி 'எதற்கெடுத்தாலும் புண்படுகிறவர்கள்' என்று சொன்னதே, அந்தக் கூட்டம்தான் முன்னால் நின்றது. நகைச்சுவையாளர் பேசும் உரிமைக்கு ஆபத்து வரும்போது நானும் அவர் பக்கம் நிற்பேன். ஆனால் ஒருவருக்குப் பேச உரிமை இருக்கிறது என்பதால் அவர் பேசியது நியாயம் என்று ஆகிவிடாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 'இவர்கள் தங்கள் நோக்கத்தைத் தாங்களே கெடுக்கிறார்கள்' என்கிறாரே, இது புதிய கருத்து இல்லை. 1961 மே மாதம், கறுப்பரும் வெள்ளையருமாக இளைஞர்கள் ஒரே பேருந்தில் ஏறி அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போனார்கள். அலபாமாவில் ஒரு பேருந்தையே கொளுத்தினார்கள், இறங்கி ஓடியவர்களை அடித்தார்கள். அந்த ஆண்டு கேலப் நிறுவனம் மக்களிடம் கருத்துக் கேட்டது. 61 சதவீதம் பேர் அந்தப் பயணத்தை ஏற்கவில்லை. இத்தகைய போராட்டங்கள் கறுப்பின மக்களின் நோக்கத்துக்கே கெடுதல் என்று 57 சதவீதம் பேர் சொன்னார்கள். பில் மார் இன்று சொல்வதும் அதே வாதம்தான். அதன் பிறகு என்ன ஆயிற்று? அந்த ஆண்டு நவம்பர் 1 முதல், மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளிலும் நிலையங்களிலும் நிறப் பிரிவினை கூடாது என்ற மத்திய ஆணை அமலுக்கு வந்தது. அந்த 57 சதவீதம் பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்லவர்கள்தான், நடுநிலையாளர்கள்தான். போராட்டம் நடக்கும் காலத்தில் அது அநாகரிகமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். மார்ட்டின் லூதர் கிங்கையே 1966இல் 63 சதவீதம் பேருக்குப் பிடிக்கவில்லை. இன்று அவர் பிறந்தநாளுக்கு அந்த நாடே விடுமுறை விடுகிறது.

போராளி என்றால் யார் முகம் நம் கண்ணுக்கு வருகிறது? நகைச்சுவையாளர் காட்டும் முகம் ஒன்று. கையில் கைபேசி, வாயில் சண்டை. நான் பார்த்த முகத்தைச் சொல்கிறேன். 2018 மார்ச் 6ஆம் தேதி நாசிக்கிலிருந்து விவசாயிகள் கிளம்பினார்கள். பெரும்பாலும் ஆதிவாசிகள். 180 கிலோமீட்டர் நடந்து, 11ஆம் தேதி இதோ இங்கே பக்கத்தில் இருக்கும் சோமையா மைதானத்துக்கு வந்து சேர்ந்தார்கள். காலையில் கிளம்பி ஆசாத் மைதானம் போவதாகத் திட்டம். ஆனால் மறுநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு. பகலில் மோர்ச்சா, அதாவது ஊர்வலம், போனால் சாலை அடைபடும், பிள்ளைகள் பரீட்சைக்குத் தாமதமாவார்கள் என்று, தூக்கத்தை விட்டு நள்ளிரவிலேயே நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நானும் எங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருந்த சில பெண்களும் சயான் சாலையோரம் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு நின்றோம். கோஷம் இல்லை, மேளம் இல்லை. நடக்கிற சத்தம் மட்டும். ஒரு அம்மா எங்கள் முன்னால் படியில் உட்கார்ந்து காலை நீட்டினார். செருப்பு வார் அறுந்து, அதைப் புடவைக் கிழிசலால் காலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். கட்டை அவிழ்த்ததும் உள்ளங்கால் தோல் துணியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை. அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு மராத்தியில் கேட்டார்: "உங்கள் வீட்டில் பரீட்சை எழுதும் பிள்ளை இருக்கிறதா?" பக்கத்து வீட்டு அக்கா, தன் மகள் எழுதுகிறாள் என்றார். "நன்றாக எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் துணியைக் கட்டிக்கொண்டு எழுந்தார். அவர்கள் கேட்டது 2006இல் வந்த வன உரிமைச் சட்டத்தின்படி தாங்கள் உழும் நிலத்துக்குப் பட்டா, கடன் தள்ளுபடி. மறுநாள் அரசு எழுத்துப்பூர்வமாக உறுதி கொடுத்தது.

இந்தப் பெண்ணை வைத்து யாரும் நகைச்சுவை செய்ய முடியாது. அதனால்தான் அவர் அந்த மேடைக்கு வருவதே இல்லை. ஐந்து நிமிடத்தில் அரங்கத்தைச் சிரிக்க வைக்க வேண்டியவருக்கு, ஆயிரம் போராளிகளில் கோமாளித்தனம் செய்த ஒருவர்தான் தேவை. வாரா வாரம் அந்த ஒருவரையே காட்டினால், பார்ப்பவர் மனதில் மீதி 999 பேரும் அவரைப் போலவே பதிந்துவிடுகிறார்கள். பில் மார் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் பொறுக்கி எடுக்கும் முறையே பொய்யான படத்தை வரைந்துவிடுகிறது.

அது இந்தியா, அவர் பேசுவது அமெரிக்காவைப் பற்றி என்று எதிரணித் தம்பி தலையாட்டுகிறார். சரி தம்பி, அமெரிக்காவுக்கே போவோம். 2021 டிசம்பரில் பஃபலோ நகரத்து ஸ்டார்பக்ஸ் கடை ஒன்றில் காபி போட்டுக் கொடுக்கும் இளைஞர்கள் வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். 2022 ஏப்ரலில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளர்கள், உலகின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்றை எதிர்த்து வாக்கெடுப்பில் வென்றார்கள். எதற்கும் உதவாதவர்கள் என்று கேலி பேசப்படும் அதே தலைமுறைதான் இது.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பெரியவர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்களுக்கு நினைவிருக்கும். 1960இல் இந்த ஊரில் 'மார்மிக்' என்ற வார இதழ் தொடங்கியது. கார்ட்டூன் இதழ், சிரிப்பதற்கான இதழ். அதில் அலுவலகங்களில் வேலை பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு, 'வாசா ஆணி தண்ட பஸா' என்று தலைப்பு வைத்தார்கள். படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று அர்த்தம். லுங்கியைச் சொல்லி நம்மைக் கேலி செய்த கோஷம் தெருவுக்கு வந்தது. பிறகு உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. பழைய பகையைக் கிளற இதைச் சொல்லவில்லை. இன்று நாமும் மராத்தி மக்களும் ஒரே சாலில் தோளோடு தோளாக வாழ்கிறோம். பில் மாரையும் அந்த இதழையும் ஒரே தராசில் வைக்கவும் இல்லை. கேலி வெறும் காற்றில் கரைந்து போகும் என்று இந்த ஊர்த் தமிழனிடம் சொல்லாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். ஒரு கூட்டத்தைப் பார்த்தாலே சிரிக்கலாம் என்று பழக்கிவிட்டால், அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் பொறுமை முதலில் போய்விடுகிறது.

2011இல் இதே மும்பையில் பெண்கள் 'ரைட் டு பீ' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். சிறுநீர் கழிக்கும் உரிமை. பெயரைக் கேட்டதும் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். கோரிக்கை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பிடத்தில் ஆண்களுக்கு இலவசம், அதே இடத்தில் பெண்களிடம் காசு. காய்கறி விற்கும் பெண், காலையில் முதல் லோக்கல் ரயில் பிடித்து வந்து இரவு வரை நடைபாதையில் இருப்பவர், அந்தக் காசுக்கும் அழுக்குக்கும் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார். இதைச் சத்தமாகச் சொல்ல யாரோ ஒருவர் கூச்சத்தை விட வேண்டியிருந்தது. அவர்கள் விட்டார்கள்.

முன்னேற்றத்தை ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள் என்று 2021இல் பில் மார் ஒரு நீண்ட உரையே நிகழ்த்தினார். மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதற்குத் தடை போட்டு இங்கே 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் இன்னமும் சாக்கடைக் குழிக்குள் இறங்கி விஷவாயுவில் மூச்சடைத்துச் செத்துப் போகிறார்களே! அந்தப் பிணத்தின் முன்னால் நின்று, எவ்வளவு முன்னேறியிருக்கிறோம் பாருங்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அந்த முன்னேற்றத்தைக் கொண்டுவந்ததே, போதாது போதாது என்று கத்திக்கொண்டிருந்தவர்கள்தான்.

மணி அடித்துவிட்டார் நடுவர், முடிக்கிறேன். எனக்கு அடுத்துப் பேச வரும் எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. பேருந்து நிலையத்தில் ஒழிந்த பிரிவினை, ஸ்டேட்டன் தீவுச் சங்கம், நாசிக் விவசாயிகள் வாங்கிய உறுதிமொழி, இவையெல்லாம் போராளிகள் கையால் வந்தவை. பில் மார் இடித்துரைத்ததால் இயக்கத்துக்குக் கிடைத்தது என்று, ஊரும் ஆண்டும் சொல்லி, ஒன்றே ஒன்றைக் காட்டுங்கள் தம்பி. காட்டிவிட்டால் தீர்ப்பை உங்கள் பக்கம் சொல்லும்படி நடுவரிடம் நானே கேட்கிறேன். நன்றி, வணக்கம்.