முப்புரம் எரித்த கதை: எப்படிப் படிப்பது?

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

புராணக் கதைகளை நடந்தது நடந்தபடியே என்று ஏற்பதா, உட்பொருள் கொண்ட உருவகம் என்று கொள்வதா? இதைப் பொதுவாக வைத்துப் பேசினால் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடிவிட்டு வந்தபடியே திரும்புவோம். ஆகவே இன்று ஒரே ஒரு கதை. திரிபுர தகனம்.

கதை உங்களுக்குத் தெரியும். தாரகாட்சன், கமலாட்சன், வித்யுன்மாலி என்று மூன்று அசுரர்கள், தாரகாசுரனின் மக்கள். அவர்களுக்கு மயன் பொன், வெள்ளி, இரும்பு என மூன்று கோட்டைகள் கட்டித் தருகிறான். அவை தனித்தனியே உலவும். ஆயிரம் ஆண்டுக்கு ஒருமுறை மூன்றும் ஒன்றுசேரும். அந்த நேரத்தில் ஒரே கணையால்தான் அழிக்க முடியும் என்பது வரம். பூமி தேராகிறது, மேரு வில், பாம்பு நாண், திருமால் கணை, அதன் முனையில் அக்கினி, தேரை ஓட்டுபவன் பிரமன். சிவபெருமான் எரிக்கிறார். நடந்த இடம் பண்ணுருட்டிக்கு அருகே கெடிலக் கரையிலுள்ள திருவதிகை என்பது தமிழ்நாட்டு மரபு. சிவன் வீரச்செயல் புரிந்ததாகச் சொல்லப்படும் எட்டுத் தலங்களான வீரட்டானங்களில் அது ஒன்று.

இந்தக் கதையை நான் எடுக்கக் காரணம் திருமந்திரம் பாடிய திருமூலர். அட்டவீரட்டம், அதாவது அந்த எட்டு வீரச்செயல்களைப் பாடும் பகுதியில் அவர் சொல்கிறார்:

அப்பணி செஞ்சடை ஆதி புராதனன்
முப்புரம் செற்றனன் என்பர்கள் மூடர்கள்
முப்புர மாவது மும்மல காரியம்
அப்புரம் எய்தமை யாரறி வாரே.

முப்புரத்தை எரித்தார் என்று சொல்பவர்கள் மூடர்கள், முப்புரம் என்பது மும்மலங்களின், அதாவது உயிரைப் பிணிக்கும் ஆணவம், கன்மம், மாயை என்ற மூன்று அழுக்குகளின் காரியம் என்கிறார். சிவனை மறுப்பவர் சொன்னதல்ல இது. பன்னிரு திருமுறைக்குள், பத்தாம் திருமுறையில் இருக்கிறது. உட்பொருள் தேடுவது நேற்று வந்த படிப்பாளிகளின் வேலை என்று நினைப்பவர்கள் இந்தப் பாட்டின் முன் சற்று நிற்க வேண்டும்.

ஆனால் பாட்டை மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவோர் பெரும்பாலும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து வரும் வேலைதான் கடினமானது. அதே பகுதியில் மற்ற வீரச்செயல்களை அவர் எப்படிப் பாடுகிறார் என்று பாருங்கள். அந்தகாசுரன் உயிர்களை வருத்தினான், வானவர் வேண்டினார்கள், இறைவன் சூலம் கொண்டு கொன்றான் என்று கதையைக் கதையாகவே சொல்கிறார். சலந்தரனுக்கும் அப்படியே. காலனை உதைத்த பாட்டிலோ ‘மூலத் துவாரத்து மூளும் ஒருவனை’ என்று தொடங்கி யோகத்துக்குள் இறங்கிவிடுகிறார். எட்டுக் கதைக்கும் ஒரே திறவுகோலை அவர் போடவில்லை. எந்தக் கதை, எந்த இடம், என்ன சொல்ல வருகிறோம் என்று பார்த்து வழியை மாற்றுகிறார்.

இதுதான் முதல் விதி. ‘புராணம் முழுவதும் உண்மை’, ‘புராணம் முழுவதும் உருவகம்’ என்ற இரண்டுமே சோம்பலான விடைகள். ஒரு குறிப்பிட்ட சொல்முறையை எடுத்துக்கொண்டு, சொன்னவர் யார், கேட்டவர் யார், எதற்காகச் சொன்னார் என்று கேட்க வேண்டும்.

கேட்டுப் பார்ப்போம். இந்தக் கதையின் மிகப் பழைய வடிவம் யஜுர் வேதத்தில் இருக்கிறது. தைத்திரீய சம்ஹிதையில் அசுரர்களுக்கு மூன்று கோட்டைகள்: கீழே இரும்பு, அடுத்து வெள்ளி, மேலே பொன். தேவர்கள் ஓர் அம்பு செய்கிறார்கள். எய்யக் கொடியவர் ஒருவர் வேண்டும், உருத்திரன்தான் கொடியவன் என்கிறார்கள். அவர் கூலி கேட்கிறார்: விலங்குகளுக்கு நான் தலைவனாக வேண்டும். பசுபதி என்ற பெயருக்கு அங்கே சொல்லப்படும் காரணம் அது. இந்தப் பகுதி சோம வேள்வியில் வரும் உபசத் என்ற சடங்கை ஏன் செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்லப்படுகிறது. கேட்பவர்கள் வேள்வி செய்யும் புரோகிதர்கள். தாரகாட்சனும் மயனும் அங்கே இல்லை.

மகாபாரதத்தின் கர்ண பர்வத்துக்கு வாருங்கள். அங்கே இந்தக் கதையை விரிவாகச் சொல்பவன் துரியோதனன். கேட்பவன் சல்லியன். கர்ணனுக்குத் தேரோட்டச் சொன்னதும் சல்லியன் சினந்து எழுகிறான். அரசனான நான் சூதன் மகனுக்குச் சாரதியா என்கிறான். அவனை இணங்க வைக்கத்தான் துரியோதனன் முப்புரக் கதையை எடுக்கிறான்: சிவனுக்கே பிரமன் தேரோட்டினான், வீரனைவிட உயர்ந்தவன் சாரதியாக இருப்பது இழிவல்ல. அதனால்தான் அந்த வடிவத்தில் தேர் பற்றிய வர்ணனை அவ்வளவு நீளம். சொல்பவன் தனக்கு வேண்டிய பகுதியை வளர்க்கிறான். இதைக் கவனிக்காமல் தேரின் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் தத்துவம் தேடினால் நாம் துரியோதனனின் வாதத் திறமைக்கு உரை எழுதிக்கொண்டிருப்போம்.

புறநானூற்றின் 55ஆம் பாட்டு இன்னொரு திசை. ‘ஓங்குமலைப் பெருவில் பாம்புஞாண் கொளீஇ, ஒருகணை கொண்டு மூஎயில் உடற்றி’ என்று மருதன் இளநாகனார் பாண்டியன் நன்மாறனிடம் பாடுகிறார். கறைமிடற்று அண்ணலின் நெற்றிக்கண் போல மூவேந்தருள் நீ மேம்பட்டவன் என்பது உவமை. பிறகு அரசன் அறத்தோடு நடக்க வேண்டும் என்ற அறிவுரைக்குப் போய்விடுகிறார். மூன்று கோட்டை நிஜமா என்ற கேள்வியே அந்த அவையில் எழவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதையாக அது இருந்திருக்க வேண்டும், அதுவே புலவருக்குப் போதுமானது.

லிங்க புராணத்திலும் சிவ புராணத்திலும் ஒரு புதுப் பகுதி சேர்கிறது. திருமால் ஒரு மாயாவியை உருவாக்கி அனுப்பி, புரத்து மக்களை வேத நெறியிலிருந்தும் சிவபூசையிலிருந்தும் விலக்குகிறார். அதன் பிறகே புரம் எரிகிறது. சிவ புராணம் அந்த மாயாவியைத் தலை மழித்த துறவியாகக் காட்டுகிறது. சமண பௌத்தத்தோடு நடந்த சமயப் போட்டியின் தடம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. கர்ண பர்வத்தில் இது கிடையாது. ஆகவே ‘மூலக் கதையில் இருக்கிறது’ என்று இதைக் காட்டிப் பிற சமயத்தாரை இகழ்வது தவறு.

1010இல் நிறைவடைந்த தஞ்சைப் பெரிய கோயிலில், விமானத்தின் இரண்டாம் நிலை மாடங்களில் திரிபுராந்தகர், அதாவது முப்புரம் எரித்த சிவன், வரிசையாக நிற்கிறார். உட்சுற்றில் அவரே பெரிய ஓவியமாகவும் இருக்கிறார். நாடுகளை வென்ற இராசராசன் தனக்கு உகந்த வடிவமாக இதைத் தேர்ந்தான் என்று வரலாற்றறிஞர்கள் படிக்கிறார்கள். பொருத்தமான படிப்பு என்றே எனக்கும் தோன்றுகிறது.

இனி, நேர்ப்பொருளை எப்போது விட்டு உட்பொருளுக்குப் போவது? இதற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட விதியே உண்டு. வேதத்துக்குப் பொருள்காணும் முறையை வகுத்த மீமாம்சகர்கள் வேதத்தில் ஏவல் அல்லாத வருணனைப் பகுதிகளை அர்த்தவாதம் என்று பிரித்து மூன்றாக வகுத்தார்கள். வேறு சான்றோடு முரண்பட்டால் அது குணவாதம்: ‘வேள்வித்தூண் சூரியன்’ என்றால், தூண் மரம் என்று கண்ணுக்குத் தெரிகிறது; எனவே சூரியனைப் போல ஒளிர்வது என்று பொருள்கொள். ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னால் அனுவாதம்: ‘குளிருக்கு மருந்து தீ’. முரணும் இல்லை, முன்பே தெரிந்ததும் இல்லை என்றால் பூதார்த்தவாதம்: ‘இந்திரன் விருத்திரன்மேல் வச்சிரத்தை ஓங்கினான்’. கண்ணால் கண்டதோடு மோதும் இடத்தில் சொல்லை வளை, காட்சியை வளைக்காதே என்பது இதன் சாரம்.

மற்ற சமயத்தாரும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். மூன்றாம் நூற்றாண்டுக் கிறித்தவ அறிஞர் ஒரிகன், விவிலியப் படைப்புக் கதையில் சூரியன் படைக்கப்படும் முன்பே முதல் மூன்று நாள்கள் எப்படி வந்தன, இதைச் சொல்லுக்குச் சொல் யார் நம்புவார் என்று கேட்டார். வானியல் அறிந்தவர்கள் முன்னால் வேதநூலைக் காட்டிப் பிழையாகப் பேசாதீர்கள், பிறகு உயிர்த்தெழுதல் பற்றி நீங்கள் சொல்வதையும் நம்ப மாட்டார்கள் என்று கிறித்தவ இறையியலாளர் அகஸ்தீன் எச்சரித்தார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இஸ்லாமிய மெய்யியலாளர் இப்னு ருஷ்து, நிரூபிக்கப்பட்ட உண்மையோடு வெளிப்பொருள் மோதினால், அரபு மொழியின் வழக்குக்கு உட்பட்டு உட்பொருள் காண வேண்டும் என்றார். மொழி வழக்குக்கு உட்பட்டு என்ற அந்த நிபந்தனை முக்கியமானது. மனம் போனபடி அல்ல.

முரண் இருக்கிறதா என்ற சோதனையை முப்புரத்துக்குப் போடுங்கள். கர்ண பர்வம் ஒவ்வொரு கோட்டையும் நூறு யோசனை நீளம், நூறு யோசனை அகலம் என்கிறது. யோசனைக்குப் பல கணக்கு உண்டு. எட்டுக் கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு பக்கம் 800 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரிக்கு நேர்க்கோட்டில் போனால் 700 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். அப்படி மூன்று. எரிந்த விதத்திலும் மரபு ஒரே குரலில் பேசவில்லை: அம்பால் எரித்தார், சிரித்தே எரித்தார் என இரண்டும் உண்டு. மாணிக்கவாசகர் திருவுந்தியாரில் ‘ஓரம்பே முப்புரம்’ என்று சொல்லி, அந்த ஒன்றும்கூட ‘பெருமிகை’ என்கிறார். சாட்சி சொல்லும் மொழியா இது? வியப்பின் மொழி.

அதனால்தான் முப்புரத்தை விண்வெளி நிலையம் என்றும் கணையை ஏவுகணை என்றும் இப்போது பரப்புவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. அது நேர்ப்பொருளும் அல்ல. நூலில் இல்லாத எந்திரத்தை நூலுக்குள் வைப்பது. உட்பொருளும் அல்ல, மும்மலம் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வேள்விச் சடங்கை விளக்கிய பகுதியில் கட்டுமான முறை, எரிபொருள், அளவு எதுவும் கிடையாது.

மறுபக்கத் தவறும் அதே அளவு நடக்கிறது. மூன்று என்று கண்டதும் முக்குணம், மூவுடல், முக்காலம், மூன்று நாடி என்று அடுக்குவது. எதையும் எதற்கும் பொருத்தலாம் என்றால் பொருத்தம் என்ற சொல்லுக்கே மதிப்பில்லை. ஓர் உட்பொருளை ஏற்கும்முன் கதையின் உறுப்புகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மூன்று என்ற எண், மூன்று உலோகம், உலவும் தன்மை, ஒன்றுசேரும் நேரம், ஒரே கணை, சில வடிவங்களில் வரும் முறிந்த தேரச்சு, எரியும்போது தப்பியவர்கள். சொல்லப்படும் தத்துவம் இவற்றில் எத்தனையைத் தாங்குகிறது? தாங்காததை மறைக்காமல் சொல்ல வேண்டும். அடுத்து, அந்தத் தத்துவம் அந்த மரபின் சாத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும்.

திருமூலரின் பொருள் இந்த இரண்டாம் சோதனையில் எப்படி நிற்கிறது பாருங்கள். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலம் அநாதி. அது அழிவதில்லை, அதன் சக்தி மட்டுமே அடங்குகிறது. முப்புரம் மும்மலம் என்று அவர் சொல்லியிருந்தால், மலம் எரிந்து சாம்பலானது என்று ஆகியிருக்கும், சித்தாந்தம் இடிக்கும். அவர் சொன்னது மும்மலத்தின் காரியம். எரிவது விளைவுதான். முதல் சோதனையில், மூன்று கோட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வரும்வரை காத்திருப்பதை மலபரிபாகம், அதாவது மலம் பக்குவப்படும் காலம் என்று பொருத்தலாம். நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அது பாட்டில் இல்லை, நாம் சேர்ப்பது. அச்சு முறிந்ததற்கு இந்தப் படிப்பில் இடமே இல்லை. அது அச்சிறுபாக்கத்தின் தலக்கதையாக, மண்ணோடு சேர்ந்து வாழ்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

இப்போது சுந்தரர். திருப்புன்கூர்ப் பதிகத்தில் ஒரு பாட்டை ‘மூவெயில் செற்ற ஞான்று உய்ந்த மூவரில்’ என்று தொடங்குகிறார். புரம் எரிந்த அன்று மூவர் தப்பினார்கள். இருவரைக் கோயில் வாயில் காவலராக இறைவன் ஏவினான். ஒருவனைத் தன் நடனத்துக்கு முழவு முழக்க வைத்தான். அந்தப் பதிகம் முழுவதும் இறைவன் யார் யாரையெல்லாம் ஏற்று அருளினான் என்ற பட்டியல். அதைச் சொல்லித் தனக்கும் அடைக்கலம் கேட்கிறார். இங்கே திருமூலரின் பொருளைக் கொண்டுவந்து வையுங்கள். மலத்தின் காரியம் வாயில் காப்பதா? முழவு கொட்டுவதா? பாட்டு உடைந்துபோகும். தப்பிய மூவர் ஆட்களாக, அடியார்களாக இருந்தால்தான் ‘என்னையும் ஏற்றுக்கொள்’ என்ற வேண்டுதலுக்கு வலு. ஒரே கதை, திருமூலரிடம் ஆளாகப் படித்தால் பிழை, சுந்தரரிடம் உருவகமாகப் படித்தால் பிழை. இருவரும் திருமுறை ஆசிரியர்கள்.

இரண்டையும் வைத்துக்கொள்ளும் பயிற்சி வைணவ உரைகாரர்களிடம் சிறப்பாக உண்டு. திருவாய்மொழியில் தலைவி நாரையைத் தூது விடுகிறாள். உரையில் முதலில் அவள் பிரிவும் நாரையும் கடற்கரையும் முழுமையாக விளக்கப்படும். அதன் பிறகே ஸ்வாபதேசம் என்ற உட்பொருள்: பறவைகள் ஆசாரியர்கள், அவற்றின் சிறகுகள் ஞானமும் கர்மமும். முதற்படியைத் தாண்டிக் குதிக்க அவர்கள் யாரையும் விடவில்லை. நாரை நாரையாக இல்லாவிட்டால் சிறகும் இருக்காது அல்லவா?

சமய வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘இது நிஜமாவே நடந்துச்சா?’ என்று பிள்ளை கேட்டால், கேட்காதே என்று வாயை அடைக்காதீர்கள்; அவசரமாக ‘எல்லாம் தத்துவம்’ என்றும் முடித்துவிடாதீர்கள். பறக்கும் மூன்று கோட்டைகள் இருந்ததற்கு நம்மிடம் வரலாற்றுச் சான்று இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். பிறகு சல்லியனிடம் துரியோதனன் சொன்னதையும், பாண்டியனிடம் புலவர் சொன்னதையும், திருமூலரின் பாட்டையும், சுந்தரரின் பாட்டையும் அடுத்தடுத்து வாசிக்கச் செய்யுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குக் கதையும் சுந்தரரும் போதும். திருமூலரின் பாட்டை, மும்மலம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்த பிறகே எடுங்கள். அதற்கு முன் எடுத்தால் ‘மூடர்கள்’ என்ற சொல் மட்டும் மனத்தில் தங்கி, வீட்டில் கதை சொல்லும் பாட்டியை நோக்கி அது திரும்பும்.