தரையைப் பார்த்தது போதும், தலையை நிமிர்த்துங்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "பிற்கால ரோமானிய மாளிகைகளை எழுப்பியது ரசனையா, அதிகாரமா?" என்பது இன்றைய தலைப்பு. ரசனைதான் என்று வாதாடிய எதிரணித் தலைவர், சிசிலித் தீவில் பியாட்சா அர்மெரினா ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் வில்லா ரொமானா தெல் கசாலேயைச் சாட்சிக்கு அழைத்தார். நான்காம் நூற்றாண்டு மாளிகை. சுமார் 3,500 சதுர மீட்டருக்கு, சின்னச் சின்ன வண்ணக் கற்களைப் பதித்துப் படம் வரைந்த மொசைக் தரை. மீன்பிடிக்கும் குட்டி மன்மதர்கள், பிகினி மாதிரி உடுத்திப் பந்தாடும் பெண்கள் என்று அவர் அடுக்க அடுக்க அவை கைதட்டியது. நானும்தான் தட்டினேன். ஆனால் நடுவர் அவர்களே, அவர் குனிந்த தலை நிமிரவே இல்லை! எந்த அறைக்கு எந்த வழியாகப் போகிறோம் என்று ஒரு வார்த்தை சொன்னாரா?

நான் சொல்கிறேன். மாளிகை முதலாளியிடம் ஒரு காரியம் ஆகவேண்டும் என்று வந்த ஆளாக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் மூன்று வளைவு வைத்த வாசல். போரில் வென்ற தளபதிக்குக் கட்டுவார்களே வெற்றி வளைவு, அந்த ஜாடை. உள்ளே ஒரு முற்றம், அங்கே ஒரு திருப்பம், அப்புறம் ஒரு முன்கூடம். அதன் தரையிலேயே, கையில் இலைக்கிளை ஏந்தி யாரையோ வரவேற்கிற ஆட்களின் படம். பெரியவர் வரும்போது எப்படி நிற்கவேண்டும் என்று வந்தவனுக்குப் பாடம் நடக்கிறது. அதைத் தாண்டினால் தூண்கள் சூழ்ந்த பெரிய முற்றம். அதையும் தாண்டிப் படியேறினால், 60 மீட்டருக்கும் மேல் நீளமான நடைக்கூடம். அதிலிருந்து மறுபடி படி. அதன்பிறகுதான் முதலாளியின் தரிசன மண்டபம். அதன் கடைக்கோடியில் அரைவட்ட மாடம். அவர் இடம் அங்கே. ரசனைக்காகக் கட்டிய வீட்டில் ஒரு மனிதரைப் பார்க்க இத்தனை ஏற்றம் எதற்கு, ஐயா?

அந்த நடைக்கூடத்தில் கொஞ்சம் நிற்போம். எதிரணி கொண்டாடிய 'பெரும் வேட்டை' மொசைக் இங்கேதான் இருக்கிறது. வேட்டை என்றாலும் பெரும்பாலும் உயிரோடு பிடிப்பதுதான். சிறுத்தை, நெருப்புக்கோழி, யானை எல்லாம் பிடிபட்டுக் கப்பலேறுகின்றன. எதற்கு? அரங்கில் மக்களுக்குக் காட்சி நடத்த. அந்தக் காலத்தில் காட்சி நடத்துவது அரசியல்வாதியின் வேலை. அதில்தான் பேரும் செல்வாக்கும். கூட்டத்துக்குள்ளே ஒரு மேற்பார்வையாளர் அடிமை ஒருவரைக் கோலால் அடிக்கிறார். அதையும் கல் கல்லாகப் பதித்திருக்கிறார்கள். இருபுறக் கப்பல்களும் வந்து சேருகிற இடம் எது தெரியுமா? கூடத்தின் நடுப்பகுதி, சரியாகத் தரிசன மண்டபப் படிக்கட்டுக்கு எதிரே. உலகத்து விலங்கெல்லாம் முதலாளி வாசலில் வந்து இறங்குகிற மாதிரி! காரியமாக வந்தவன் இதன்மேல் நடந்துதான் உள்ளே போகவேண்டும்.

இன்னொன்று. வீடெங்கும் மொசைக் படமாக இறைத்தவர், அந்த முக்கிய மண்டபத்தின் தரையில் என்ன படம் போட்டார்? ஒன்றும் இல்லை. அங்கே பல நிறச் சலவைக்கல்லை வெட்டிப் பொருத்திய தரை. மொசைக்கைவிட விலை கூடியது, மதிப்பும் கூடியது. எதிரணி ரசித்த படங்கள் எல்லாம் இரண்டாம் தரத்து இடங்களுக்கு. முதலாளி உட்காரும் இடத்தில் வேடிக்கை கிடையாது. வந்தவன் கண் தரையில் மேயக்கூடாது, நேரே மாடத்துக்குப் போகவேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் வேறு காரணம் எதிரணியிடம் இருந்தால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படித் தரிசனம் தரும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 284 முதல் 305 வரை ஆண்ட ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், தன் முன் வருகிறவர்களை மண்டியிடச் செய்து, ஊதா அங்கியின் ஓரத்தை முத்தமிட வைத்தார். அரண்மனையில் நடப்பதைப் பார்த்த பணக்காரர்கள் தங்கள் வீட்டுக்கும் அதே மாதிரி மண்டபம் கட்டிக்கொண்டார்கள். இந்த மாளிகையில் மூன்று அரைவட்ட மாடம் வைத்த விருந்துக்கூடம் இருக்கிறதே, அதுவும் சும்மா இல்லை. அந்த மாதிரி மாடத்தில் விருந்தினர் சாய்ந்து சாப்பிடப் போடும் அரைவட்டப் படுக்கையில் முனைகள்தான் மரியாதைக்குரிய இடம். கல்யாண மண்டபத்து முன்வரிசை சோபாவில் யார் உட்காரலாம் என்று எல்லாருக்கும் சொல்லாமலே தெரியுமே, அந்த மாதிரி.

"அது ஒருவேளை பேரரசர் மாக்சிமியன் வீடாக இருக்கலாம், அதனால் விதிவிலக்கு" என்று அடுத்த பேச்சாளர் எழுந்து சொல்லக்கூடும். 1950களில் அங்கே அகழ்ந்த ஜென்டிலி அப்படித்தான் கருதினார். இன்று பலரும் அது ஒரு பெரும் செல்வந்தர் வீடு என்கிறார்கள். சரி, எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேரரசர் வீடு என்றால் அதிகாரம்தான் என்று நான் நிரூபிக்கவே வேண்டாம். செல்வந்தர் வீடு என்றால் என் வாதம் இன்னும் பலம்: நாடாளாத ஒரு மனிதருக்கு எதற்கு இப்படி ஒரு கொலுமண்டபம்?

குழந்தைகளையாவது விட்டுவைத்தார்களா? ஓர் அறையில் சிறுவர்கள் பறவைகள் பூட்டிய தேரில் பந்தயம் ஓட்டுகிறார்கள். கொள்ளை அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது ரோமின் பெரிய பந்தயக் களத்தை அப்படியே குட்டியாக்கியது. அந்தக் களமே குளியல் பகுதித் தரையில் பெரிதாகவும் இருக்கிறது. பிள்ளைகள் விளையாட்டிலும் தலைநகரத்து வாசனை!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துக்கொள்கிறேன். எதிரணியின் அடுத்த பேச்சாளருக்கு ஒரே கேள்வி: அந்த அரைவட்ட மாடத்தில் முதலாளி இருக்க, வந்தவன் எங்கே நின்றான்? மன்மதர்களையும் பந்தாடும் பெண்களையும் விட்டுவிட்டு அதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.