சத்தம் வந்த பிறகும் அழுத்தாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பெங்களூரு காக்ஸ் டவுனில் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறேன். கிரேடு தேர்வு நெருங்கினால் போதும், "டீச்சர், பொண்ணுக்கு மணிக்கட்டு வலிக்குதாம்" என்று பெற்றோர் போன் செய்வார்கள். விரலில் பலம் இல்லை என்று நினைத்து, அழுத்திப் பழக ரப்பர் பந்தும் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அது வேண்டாமே.

இதைக் கேட்டுக்கொண்டே உங்கள் வலது முன்கையை இடது கையால் பிடியுங்கள். வலது விரல்களால் மேசையைத் தட்டுங்கள். தோலுக்கடியில் தசை அசைவது தெரிகிறதா? விரலை மடக்கி நீட்டும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. விரலை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் மணிக்கட்டில் ஒரே குறுகலான வழியாகப் போகின்றன. மணிக்கட்டை வளைத்தபடியே வாசித்தால் அங்கே நெரிசல்தான்.

இனி பியானோவுக்குள் போவோம். ஒரு கட்டை இறங்குவது சுமார் 10 மில்லிமீட்டர். அதை இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். உள்ளே இருக்கும் சுத்தியல், கம்பியைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே கட்டையின் பிடியிலிருந்து விடுபட்டுத் தானாகப் பறக்கிறது. கேரம் ஸ்டிரைக்கரைச் சுண்டிவிட்ட பிறகு அதை நம்மால் திருப்ப முடியுமா? அதே கதைதான். சத்தம் வந்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஸ்வரம் மாறாது. கட்டை மேலே எழும்பாமல் இருக்க விரலின் லேசான எடையே போதும். ஆனால் பிள்ளைகள் அடிவரை குத்தி அப்படியே அழுத்திக்கொண்டிருக்கிறார்கள். வலி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

அதற்காகக் கையைத் தொளதொளவென்று விடவும் கூடாது. அமெரிக்காவின் பால்டிமோரில் ஓட்டோ ஆர்ட்மன் என்ற ஆய்வாளர் பியானோ வாசிப்பவர்களின் அசைவுகளை அளந்து 1929இல் எழுதினார்: மூட்டுகள் ஓரளவு உறுதியாக நிற்காவிட்டால் விசை கட்டைக்குப் போய்ச் சேராது.

மோதிர விரலைத் தனியாகத் தூக்கப் பழக்காதீர்கள். அதன் நாண் பக்கத்து விரல் நாண்களோடு பிணைந்திருக்கிறது. இசையமைப்பாளர் ஷூமன் 1830களில் வலது கை பாதிக்கப்பட்டு மேடை வாசிப்பையே விட்டார். அவர் விரல் பயிற்சிக் கருவி ஒன்றும் பயன்படுத்தியவர். அதுதான் காரணமா என்று இன்னும் வாதம் நடக்கிறது.

அப்புறம், நம் ஃபிளாட்டுகளில் கீபோர்டை டைனிங் டேபிள்மேல் வைக்கிறோம். பிள்ளையின் தோள் காதுவரை ஏறிவிடுகிறது. முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியில் மெத்தை போடுங்கள். கால் தொங்கினால் கீழே ஒரு பலகை வையுங்கள். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் மரமரப்பு வந்தால் தேர்வு எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அன்றே வாசிப்பை நிறுத்தி டாக்டரிடம் காட்டுங்கள். வணக்கம்.