பூட்டிய கதவும் ஊர்சுற்றும் மனமும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்தபின், "கதவைப் பூட்டினேனா?" என்று திரும்பி ஓடியிருக்கிறீர்களா? நான் பலமுறை ஓடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பூட்டு ஒழுங்காகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது. கை தன் வேலையைச் செய்திருக்கிறது. நான்தான் அங்கே இல்லை. முந்தின நாள் யாரோ சொன்ன சுடுசொல்லுக்கு, அப்போது சொல்லத் தவறிய பதிலை மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

இது என் ஒருவனின் கோளாறு அல்ல. ஹார்வர்டு உளவியலாளர்கள் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2,250 பேரிடம் கைபேசி வழியே அவ்வப்போது கேட்டார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா? 2010இல் முடிவு வெளிவந்தது. ஏறத்தாழ 47 விழுக்காடு நேரம் செய்யும் வேலையில் மனம் இல்லை. அலையும் நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவு. இனிமையான நினைவுகளில் திளைத்தவர்கள்கூட, கையிலிருந்த வேலையில் மனம் வைத்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை. பகல் கனவுக்காரனான எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவதே மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை மனம் வைத்துக் கவனிக்கும் பயிற்சி. 'விழிப்புணர்வு' என்று தமிழில் சொல்கிறோம். எனக்கோ அது சுவரொட்டிப் பிரசாரத்தை நினைவூட்டுகிறது. பௌத்த நூல்களில் வரும் மூலமான பாலி மொழிச் சொல் 'சதி'. தமிழ்க் காதுக்கு விபரீதமாக ஒலித்தாலும், அதன் வேர்ப்பொருள் 'நினைவு'. இந்தப் பொருள் எனக்குப் பிடித்திருக்கிறது. மனம் எங்கோ போய்விடுகிறது; போய்விட்டது என்று திடீரென நினைவு வருகிறது. பயிற்சி முழுவதும் அந்த ஒரு கணத்தில்தான் இருக்கிறது.

"எனக்கெல்லாம் தியானம் வராது, மனம் ஒரு நிமிடம் நிற்பதில்லை" என்று சொல்லாதவர்கள் குறைவு. மனத்தை நிறுத்தச் சொன்னது யார்? மூச்சைக் கவனித்து உட்காருகிறீர்கள். மூன்றாவது மூச்சிலேயே மனம் கடன் கணக்குக்குப் போய்விடுகிறது. கவனித்தீர்களா, திட்டாமல் திரும்ப அழைத்து வாருங்கள். இருபது முறை போனால் இருபது முறை அழைத்து வரலாம். திட்டாமல் என்பதுதான் கடினம். நம்மை நாமே ஏசிக்கொள்வதில் நமக்கெல்லாம் நல்ல தேர்ச்சி.

1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைப் பல வாரப் பயிற்சியாக வகுத்தார். தீராத வலியோடு வந்தவர்கள் பலர். வலி ஒன்று, "இப்படியே போய்விடுமோ" என்று அதன்மேல் ஏறும் அச்சம் இன்னொன்று. முன்னதைப் போக்க முடியாதபோதும் பின்னதைத் தனியே பார்க்கப் பழகலாம்.

மனச்சோர்விலும் அப்படித்தான். "நான் எதற்கும் உதவாதவன்" என்ற எண்ணம் தலைதூக்கும்போது, அதைத் தீர்ப்பாக ஏற்காமல், "இதோ அந்தப் பழைய எண்ணம் வந்துவிட்டது" என்று பார்க்க முடிந்தால் அதன் பிடி தளரும். டீஸ்டேல், சீகல், வில்லியம்ஸ் ஆகிய உளவியலாளர்களின் குழு 2000இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று முறையோ அதற்கு மேலோ மனச்சோர்வுக்கு ஆளானவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றோரில் 66 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. இப்பயிற்சியும் பெற்றோரில் அது 37 விழுக்காடு.

இதைச் சர்வரோக நிவாரணி என்று விற்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனில் 85 பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கற்பித்துப் பார்த்தார்கள். வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடங்களைவிடக் கூடுதல் பயன் இல்லை என்று 2022இல் தெரிந்தது. ஆள் பற்றாக்குறையை வைத்துக்கொண்டு ஊழியர்களுக்கு மூச்சுப் பயிற்சி நடத்தும் நிறுவனங்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. பெரும் அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்குக் கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் மேலெழலாம். அவர்கள் கண்ணைத் திறந்து, தரையில் பதிந்த பாதத்தைக் கவனித்தால் போதும். மனநல வல்லுநர் துணையிருந்தால் இன்னும் நல்லது. மருந்து சாப்பிடுகிறவர்கள் இதை நம்பித் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

நான் இப்போதெல்லாம் பூட்டும்போது சாவி திரும்பும் ஓசையைக் கேட்கிறேன். போன வாரம் ஒரு நாள் மறந்துவிட்டேன். தெருமுனையிலிருந்து மறுபடி ஓடினேன். பூட்டித்தான் இருந்தது.

வணக்கம்.