பவரா, சாதாவா?

நேயர்களுக்கு வணக்கம்.

பெட்ரோல் பங்கில் காரை நிறுத்தியதும், "பவர் போடட்டுமா, சாதாவா?" என்று ஊழியர் கேட்கிறார். பின்னால் நிற்பவர் ஹாரன் அடிப்பதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். விலை கூடியது நல்லதாகத்தான் இருக்கும் என்று பலரும் தலையாட்டிவிடுகிறார்கள். மோட்டார் வாகனப் பொறியியல் கற்பித்தவன் என்ற உரிமையில் அந்தத் தலையாட்டலைத் தடுக்கவே இன்று வந்திருக்கிறேன்.

பம்பில் எழுதியிருக்கும் 91, 95, 100 என்பவை ஆக்டேன் எண்கள். எண் கூடினால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் லிட்டருக்குள் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை அந்த எண் சொல்வதே இல்லை. அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கி, தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதை மட்டும் சொல்கிறது. 1920களில் கிரகாம் எட்கர் என்ற அமெரிக்க வேதியியலாளர் வகுத்த அளவுகோல் இது. சட்டென்று பற்றிக்கொள்ளும் ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0, நன்றாகத் தாங்கும் ஐசோஆக்டேன் என்ற திரவத்துக்கு 100 என்று வைத்தார். தூய ஹெப்டேன் அன்று ஜெஃப்ரி பைன் என்ற மரத்தின் பிசினிலிருந்து கிடைத்தது. 91 பெட்ரோல் என்றால், 91 பங்கு ஐசோஆக்டேனும் 9 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவையைப் போலச் சோதனை எஞ்சினில் அது நடந்துகொள்ளும் என்று பொருள்.

எதற்காகத் தாங்க வேண்டும்? பிஸ்டன் மேலேறும்போது காற்றும் பெட்ரோலும் நசுங்கிச் சூடாகின்றன. ஸ்பார்க் பிளக்கின் பொறியில் தொடங்கும் தீ சீராகப் பரவ வேண்டும். அது வந்து சேருமுன்பே மூலையில் மிஞ்சிய கலவை தானாகப் பற்றிக்கொண்டால், எஞ்சினுக்குள் 'டிக் டிக்' என்று உலோக ஒலி எழும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். நீடித்தால் பிஸ்டனுக்கே சேதம். கோடை வெயிலில், ஆட்களும் சாமான்களுமாக, மேட்டுப்பாளையத்தைத் தாண்டி நீலகிரி ஏறும்போது கியரைக் குறைக்காமல் மிதித்துப் பாருங்கள், கேட்டாலும் கேட்கும். ஊட்டியை நெருங்க நெருங்க அந்தத் தொல்லை தணியும். மேலே காற்று மெலிவதால் சிலிண்டருக்குள் அழுத்தமும் குறைகிறது. அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் சாதா பெட்ரோலின் ஆக்டேன் மற்ற இடங்களைவிடக் குறைவாக இருப்பதற்கும் இதுவே காரணம். அமெரிக்காவின் மற்ற இடங்களிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர், "நாங்கள் 87தான் போடுகிறோம்" என்றால் திகைக்க வேண்டாம். அவர்கள் இரண்டு வகைச் சோதனைகளின் சராசரியை எழுதுகிறார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ 91.

இன்றைய கார்களில் நாக்கிங்கை உணரும் சென்சார் இருக்கிறது. ஒலியின் அதிர்வு தெரிந்ததும் கம்ப்யூட்டர் பொறி விழும் நேரத்தைச் சற்றுத் தள்ளிவைக்கிறது. 95க்கென்று வடிவமைத்த டர்போ எஞ்சினில் 91 ஊற்றினால் இப்படித் தள்ளித் தள்ளியே சக்தியும் மைலேஜும் கொஞ்சம் குறையும். அத்தகைய காருக்கு 95 போடுவது நியாயமான செலவு. 91க்கு வடிவமைத்த சாதாரணக் குடும்பக் காருக்கு 95 போடுவதோ, காய்ச்சல் இல்லாதவருக்கு மாத்திரை கொடுப்பது போலத்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் கார், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது. லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 6,400 ரூபாய் அதிகம் போகிறது. சாதா 100 ரூபாய் என்றால், அந்தப் பணம் திரும்பிவர மைலேஜ் 16.2க்கு உயர வேண்டும். 91 போதும் என்கிற எஞ்சினில் அது நடக்காது. 100 ஆக்டேன் பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். 2020 டிசம்பரில் தில்லியில் அறிமுகமானபோதே அது லிட்டர் 160 ரூபாய்.

"உள்ளே சுத்தம் செய்யுமாமே?" என்பார்கள். பிரீமியம் வகைகளில் படிவை நீக்கும் பொருள்கள் சேர்ப்பது உண்மைதான். ஆனால் பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில், உள்ளிழுக்கும் வால்வுகளின் மேல் பெட்ரோல் படுவதே இல்லை; அங்கே படியும் கரியை அது எப்படிக் கழுவும்?

பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்குப் பயந்து, அது இருக்காது என்று நம்பி 95 வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 95 என்ற எண்ணுக்கும் எத்தனால் இல்லாமைக்கும் தொடர்பில்லை. எத்தனாலின் சொந்த ஆக்டேன் 100க்கு மேல். அதைக் கலப்பதாலேயே எண் உயரும். அதே சமயம் ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலக்கும்போது மைலேஜ் இறங்குவது அதனால்தான். ஆக்டேனைக் கூட்டி அதை ஈடுகட்ட முடியாது.

ஆகவே பங்க் ஊழியரைக் கேட்காமல் பெட்ரோல் மூடியின் உட்புறத்தையும், காருடன் தந்த கையேட்டையும் பாருங்கள். குறைந்தபட்சம் 91 என்றிருந்தால் சாதாவே போதும். '95 பரிந்துரை' என்பது வேறு, '95 கட்டாயம்' என்பது வேறு. இரண்டாவது வகைக் கார் வைத்திருப்பவர்கள் வெளியூர்ச் சாலையில் 95 கிடைக்காமல் மாட்டிக்கொண்டால் டேங்க்கை நிரப்பாமல், அடுத்த பெரிய ஊர் வரைக்கும் தேவையான அளவு 91 மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். மிதிக்காமல், மேட்டில் கியரைக் குறைத்து ஓட்டுங்கள். பிறகு 95ஐ அதன் மேலேயே ஊற்றலாம். பாதிக்குப் பாதி கலந்தால் ஏறத்தாழ 93 ஆகும், கலப்பதால் எதுவும் கெட்டுவிடாது.